மலையாடு வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்களுக்கு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்கில், ஸ்கீனா பகுதிக்கு வேலை கிடைத்து வந்த நம்மவர்களில் சிலர் மீன்பிடியில் ஆரம்பித்து, மானுக்கு நகர்ந்து, கடைசியில் மலை முகட்டில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும் அந்த ஆட்டைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். உலகத்தில் உள்ள மலையாடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாகாணத்தில்தான் இருக்கின்றன, அதனால் ஆசை வருவதில் தப்பில்லை. ஆசை வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா? எனக்கு அதைச் சொல்ல அப்போது ஆள் இல்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் டாலர் பணம், முழுசாக ஒரு சீசன், அப்புறம் பாறை இடுக்கில் நடுங்கிக்கொண்டு கழித்த ஒரு ராத்திரி என்று விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஊரில் இருப்பவர்கள், "வரையாடு மாதிரியா?" என்று கேட்பார்கள். தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் வரையாட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, அங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே மாகாண அரசு ஆட்டைக் கணக்கெடுத்து, பல இடங்களில் குலுக்கல் முறையில் அனுமதி தருகிறது. துப்பாக்கி லைசென்ஸுக்குப் பாதுகாப்புப் பயிற்சி, தேர்வு, அப்புறம் முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. வேட்டைக்குத் தனியாக இன்னொரு பயிற்சி. தோட்டா வாங்கக்கூட லைசென்ஸ் காட்ட வேண்டும். இதெல்லாம் நேரம் எடுக்குமே தவிரக் கஷ்டமில்லை. கஷ்டம் கடைக்குள் நுழைந்ததும்தான் ஆரம்பிக்கிறது.

கடைக்காரர் நல்ல மனுஷர்தான். "அந்த ஆடு இரும்பு. சின்ன தோட்டாவுக்கெல்லாம் விழாது. .300 வின்செஸ்டர் மேக்னம் எடுத்துக்கோங்க. மலை ஏறணும் இல்லையா, அதனால துப்பாக்கி லேசா இருக்கணும்" என்று சொல்லி, ஆறு பவுண்டு எடையில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். மேக்னம் என்றால் கூடுதல் வெடிமருந்து உள்ள தோட்டா. குழல் முனையில், சுடும்போது தோளில் விழும் உதைப்பைக் குறைக்கும் பிரேக் வேறு. விலை 2,300 டாலர், வரியோடு 2,576. இருபது தோட்டா உள்ள பெட்டி ஒன்று ஏறக்குறைய 90 டாலர். அவர் சொன்ன இரண்டு விஷயமும் தனித்தனியாகப் பார்த்தால் உண்மை. ஆடு உண்மையிலேயே கெட்டி; மலைக்கு லேசான துப்பாக்கி உண்மையிலேயே சுகம். இரண்டையும் ஒரே துப்பாக்கியில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவுக்கு உதைக்கும். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் சுட்டாலே, .30-06 என்ற சாதாரண வேட்டைத் தோட்டாவை விட .300 மேக்னம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உதைக்கும். அதில் எடையையும் குறைத்தால் தோள்பட்டை தாங்காது. பிரேக் இருப்பதால் உதைப்பு கொஞ்சம் அடங்கும், ஆனால் அந்த வேகம் எல்லாம் சத்தமாகப் பக்கவாட்டில் திரும்பி நம் காதுக்கே வரும். பயிற்சி மைதானத்தில் காதுக்கவசம் போட்டிருப்போம். மலையில் அவசரத்தில் யார் போடுகிறார்கள்? சில வாரம் போனதும் நான் சுட்ட குண்டுகள் எல்லாம் குறிக்குக் கீழே இறங்க ஆரம்பித்தன. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில்தான் கோளாறு என்று கழற்றி மாட்டி, திரும்பச் சரிபார்த்து, தோட்டாவிலேயே எண்ணூறு தொள்ளாயிரம் டாலர் கரைந்தது.

மைதானத்துக்குத் தினமும் வரும் ஒரு வயதானவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் என் துப்பாக்கியை வாங்கி, நான் பார்க்காத மாதிரி, தோட்டா அடுக்கும் மேகசினில் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைக் கலந்து போட்டுக் கொடுத்தார். ட்ரிகரை அழுத்தினேன். வெடிச்சத்தம் வரவில்லை, வெறும் 'டிக்'. ஆனால் குழல் முனை மட்டும் ஓரங்குலம் 'வெடுக்'கென்று கீழே குனிந்தது. உதைக்கப் போகிறதே என்று உடம்பு முன்கூட்டியே பயந்து தள்ளுகிறது, அவ்வளவுதான். ஸ்கோப்பில் ஒரு கோளாறும் இல்லை. அவர் சிரிக்கக்கூட இல்லை. "சின்னதா ஒண்ணு வாங்கி, நிறைய சுடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். யாரிடம் எந்தத் துப்பாக்கி இருந்தாலும் இந்தப் போலித் தோட்டா சோதனையைச் செய்து பாருங்கள். செலவே இல்லை.

இந்தப் பயம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. அந்த வருடம் குலுக்கலில் கிடைத்த அனுமதியைப் பயன்படுத்தவே இல்லை. எவ்வளவு பெரிய ஆட்டையும் விழவைக்கும் துப்பாக்கி கையில் இருக்கிறது, ஆனால் நூறு கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தொடர்ந்து அடிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட நிலையில் உயிருள்ள ஒன்றைப் பார்த்துச் சுடுவது நியாயம் இல்லை என்று தோன்றியது. துப்பாக்கியை 1,500 டாலருக்கு விற்றேன். விற்ற அன்று அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் ஆடு. பெரிய கிடா 200 முதல் 300 பவுண்டு வரை இருக்கும். முன்பக்கம் கனத்த எலும்பு, அதன்மேல் திமில் மாதிரி உயர்ந்த தோள், கெட்டித் தோல், அடர்ந்த ரோமம். நுரையீரலில் குண்டு பட்டாலும் சில நொடிகள் ஒன்றுமே நடக்காதது போல நடக்கும். சமவெளியில் மானுக்கு அந்தச் சில நொடி பெரிய விஷயமில்லை. ஐம்பதடி தள்ளிப் போய் விழும். மலையாடு பயந்தால் போகும் இடம் செங்குத்துப் பாறை. ஐம்பதடி தள்ளி என்பது ஐந்நூறு அடி கீழே என்று ஆகிவிடும். கொம்பு உடையும், இறைச்சி நைந்துபோகும், சில சமயம் நாம் இறங்கவே முடியாத இடத்தில் கிடக்கும். ஆகக் கேள்வி, ஆட்டைக் கொல்ல எவ்வளவு பெரிய தோட்டா வேண்டும் என்பது இல்லை. நின்ற இடத்திலேயே உட்கார வைக்க என்ன வேண்டும் என்பதுதான்.

அதற்குத் தோட்டாவின் பெயரை விட முனையில் இருக்கும் குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதே முக்கியம். சாதாரண ஈயக் குண்டு வேகமாகப் போய்த் தோள் எலும்பில் பட்டால் சிதறிவிடலாம். வேகம் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். .300 மேக்னத்தில் மலிவான குண்டு போட்டுச் சுடுவதை விட .270 என்ற சின்ன தோட்டாவில் உறுதியான குண்டு போட்டுச் சுடுவது எவ்வளவோ மேல். நடுவில் தடுப்புச் சுவர் வைத்த நாஸ்லர் பார்ட்டிஷன் 1948இலிருந்து இருக்கிறது. அதே நிறுவனத்தின் அக்யூபாண்ட் மாதிரி ஈயத்தையும் மேலுறையையும் ஒட்டவைத்தவை உண்டு. முழுக்க முழுக்கச் செம்பாலான பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் உண்டு. செம்புக் குண்டு எடையை இழக்காமல் உள்ளே போகும், இறைச்சியில் ஈயத்துகள் கலக்குமோ என்ற கவலையும் இல்லை. நான் கடைசியில் வாங்கியது 180 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) பார்ட்டிஷன்.

அடுத்து தூரம். 200 கஜத்தில் குறியிலேயே படும்படி சரிசெய்து வைத்த .30-06இல் 180 கிரெயின் குண்டு 300 கஜத்தில் எட்டு, ஒன்பது அங்குலம் இறங்கும். .300 மேக்னத்தில் ஏழு அங்குலம் வாக்கில். வித்தியாசம் ஓரிரண்டு அங்குலம்! இதற்காகவா அத்தனை உதை வாங்கினேன் என்று ஆகிவிட்டது. 400 கஜத்துக்கு மேல் வித்தியாசம் பெரிதாகும், உண்மைதான். ஆனால் மூச்சிரைக்க, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்றே பிடிபடாத மலைச்சரிவில் அந்தத் தூரத்தில் சுடும் அளவுக்கு நான் ஆள் இல்லை. 6.5 கிரீட்மூர், 7எம்எம்-08, .308, .270, 7எம்எம் ரெமிங்டன் மேக்னம் எல்லாவற்றிலும் மலையாடு விழுந்திருக்கிறது. மேக்னத்தை உதறாமல் சுடத் தெரிந்தவர் தாராளமாக எடுத்துக்கொண்டு போகட்டும். நான் .30-06 எடுத்ததற்குப் பெரிய காரணம் வேறு: 1906இலிருந்து இருக்கும் தோட்டா, சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். கோவிட் காலத்துத் தட்டுப்பாட்டில் புதுப்புதுத் தோட்டாக்களுக்கு ஆட்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். விமானத்தில் போகிறவர்கள் தோட்டா ஐந்து கிலோவுக்கு மேல் கொண்டுபோக முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். பை வந்து சேராவிட்டால் போன ஊரில்தான் வாங்க வேண்டும்.

துப்பாக்கி துருப்பிடிக்காத ஸ்டீல் குழல், தோளில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டை, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். வெறும் எடை ஆறரை பவுண்டு, ஸ்கோப், தோட்டா, வாரோடு எட்டு. முந்தையதை விடக் கொஞ்சம் கனம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் கனம்தான் மூச்சு வாங்கும்போது குழலை ஆடாமல் பிடிக்கிறது. எடை குறைக்க வேண்டுமென்றால் முதுகுப்பையில் குறையுங்கள், இடுப்பில் குறையுங்கள் (நான் பதினைந்து பவுண்டு குறைத்தேன், ஒரு பைசா செலவில்லை). அழகான வால்நட் மரக்கட்டை வைத்த துப்பாக்கிகளைப் பார்த்தால் எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தப் பக்கத்து மழையில் மரம் ஊதி, குழலை ஒரு பக்கமாகத் தள்ளினால் குறி மாறிப்போகும். ஸ்கோப் 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும். மிச்சப்பட்ட பணத்தைப் பைனாகுலரில் போட்டேன். ஏனென்றால் இந்த ஆட்டில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. கிடாவின் கொம்பு அடியில் பருத்து, இடைவெளி குறைவாக, ஒரே சீராக வளையும். பெண்ணின் கொம்பு மெலிந்து, நுனிக்குப் பக்கத்தில் மட்டும் மடங்கும். குட்டியோடு நிற்கும் பெண் ஆட்டையோ, குட்டி இருக்கும் கூட்டத்தில் உள்ள பெண் ஆட்டையோ வேட்டையாடுவது சட்ட விரோதம். அது இல்லாவிட்டாலும் பெண் ஆடு தாயாக நாலைந்து வயது ஆகும் என்பதால் கிடாவை மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். அரை மைல் தூரத்தில் இதைப் பிரித்தறிய மலிவான பைனாகுலர் உதவாது.

பயிற்சியையும் மாற்றினேன். மேஜையில் வைத்துச் சுடுவதைக் குறைத்து, மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்து, உட்கார்ந்து, முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டேன். மலையில் படுத்துச் சுட இடம் கிடைப்பதே அபூர்வம். இன்னொன்று, பாறைமேல் குழலை நேரடியாக வைக்காதீர்கள். சுடும்போது குழல் துள்ளி, குண்டு எங்கேயோ போகும். தொப்பியையாவது மடித்து அடியில் வையுங்கள், அதுவும் குழலுக்கு அல்ல, கட்டைக்கு.

செப்டம்பர் கடைசியில் தனியாகப் போனேன். கூட வருவதாக இருந்தவருக்கு லீவு கிடைக்கவில்லை, அனுமதியை இன்னொரு முறை வீணாக்க மனமில்லை. முதல் நாள் ஏற்றத்திலேயே ஈரப் புல்லில் வழுக்கி, துப்பாக்கி பக்கத்துப் பாறையில் 'ணங்'கென்று இடித்தது. வெளியே ஒரு கீறல்தான். ஆனால் ஸ்கோப்பின் வளையத்துக்கும் குழாய்க்கும் சேர்த்து வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோடு இப்போது நேராக இல்லை, நூல் அளவு விலகியிருந்தது. கூடாரம் போட்டதும் பிஸ்கட் அட்டையைக் கிழித்து, கறுப்பு டேப்பால் கூட்டல் குறி ஒட்டி, நூறு கஜத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். ஐந்து அங்குலம் இடதுபக்கம்! 300 கஜத்தில் அது பதினைந்து அங்குலம், அதாவது குண்டு ஆட்டின் பக்கத்திலேயே போயிருக்காது, அல்லது வயிற்றில் பட்டிருக்கும். சத்தத்துக்கு ஆடுகள் ஓடிவிடுமே என்று தயங்கத் தோன்றும், தயங்காதீர்கள். விழுந்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்காமல் வேட்டைக்குப் போகக் கூடாது. அதற்காகவே ஒரு பெட்டித் தோட்டாவும், வளையத்தின் திருகுக்குப் பொருந்தும் சாவியும் பையில் இருக்க வேண்டும். ஆடு சுட இரண்டு தோட்டா போதும் என்று எண்ணிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

அன்றிரவு பனி பெய்தது. சில சின்ன விஷயங்கள் அப்போது கைகொடுத்தன. குழல் வாயில் ஒட்டிய எலக்ட்ரிகல் டேப். பனியும் மண்ணும் உள்ளே போகாது, எடுக்காமலே சுடலாம். போல்டில் இருந்த கெட்டி எண்ணெயை வீட்டிலேயே சுத்தமாகத் துடைத்திருந்தேன். குளிரில் அது இறுகினால் ஊசி மெதுவாக அடித்துத் தோட்டா வெடிக்காமல் போகலாம். துப்பாக்கியைக் கூடாரத்தின் வெதுவெதுப்புக்குள் கொண்டுவராமல் வாசல் மறைப்பின் கீழே விட்டேன். உள்ளே வந்தால் வியர்த்து ஸ்கோப் கண்ணாடி மங்கும். ஏறும்போது தோட்டா மேகசினில் மட்டும், குழலில் கிடையாது. வழுக்கி விழுந்த நாளில் அதன் அருமை தெரிந்தது.

மூடுபனி விலகி ஒரு கிடாவைப் பார்த்தபோது அது 280 கஜத்தில், செங்குத்துப் பாறையின் உதட்டில் நின்றது. சுலபமான குறி. சுட்டால் கீழே பள்ளத்தாக்குக்குப் போகும். சுடவில்லை. இந்த ஆடுகள் ஆபத்து கீழேயிருந்து வரும் என்றே பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் சுற்றி மேலே ஏறினேன். மறுநாள் சாயங்காலம் அதே கிடா ஒரு புல் திட்டுக்கு வந்தது. தூரமானி 250 கஜம் காட்டியது, கீழ்நோக்கி 35 டிகிரி சரிவு. சரிவில் சுடும்போது கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. அந்த 250, ஏறக்குறைய 205 கஜத்துக்குச் சமம். மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் குண்டு நினைத்ததை விட உயரத்தில்தான் படும். கோணத்தைச் சேர்த்துக் கணக்கிடும் தூரமானி கிடைக்கிறது. வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள்.

மான் வேட்டைப் பழக்கத்தில் தோளுக்குப் பின்னால், நுரையீரலைப் பார்த்துச் சுட்டேன். சரியாகத்தான் பட்டது. கிடா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் ஓரத்தை நோக்கி நடந்தது. எனக்குக் கை கால் உதறல். இரண்டாவது தோட்டாவை ஏற்றித் தோளில் சுட்டேன், எலும்பு முறிந்து அங்கேயே சரிந்தது. ஆனால் சரிந்த இடம் ஓரம். உருண்டு, கீழே ஒரு பிளவில் போய்ச் சிக்கியது. முதல் குண்டையே இரண்டு தோளும் முறியும்படி கொஞ்சம் மேலே, தோளின் நடுவில் போட வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது. கொஞ்சம் இறைச்சி வீணாகும், போகட்டும். விழுந்தது என்று தோன்றினாலும் அடுத்த தோட்டாவை ஏற்றி, அசைந்தால் மறுபடி சுடுங்கள்.

அந்தப் பிளவில் இறங்கிச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. ஏறிப் போவது தற்கொலை. தலைவிளக்கு, செயற்கைக்கோள் தகவல் கருவி, அவ்வளவுதான். வீட்டுக்கு "நல்லா இருக்கேன், நாளைக்கு வர்றேன்" என்று செய்தி அனுப்பிவிட்டு, கரடி வாசனை பிடித்து வருமோ என்று, கரடியை விரட்டும் ஸ்பிரேயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் கிரிஸ்லி கரடிகள் உண்டு, இறைச்சி வாசனைக்கு வரும். விடியும் வரை ஒரு நிமிடம் தூங்கவில்லை. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, எதற்கு இதெல்லாம் என்று பலமுறை கேட்டுக்கொண்டேன். பதில் எதுவும் கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

காலையில் தோலுரித்து, எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்து, இரண்டு நடையாகக் கூடாரத்துக்குச் சுமந்தேன். உண்ணத்தக்க இறைச்சியை விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம், அதனால் சுமக்க முடியாத இடத்தில் சுடாதீர்கள். தோலை உரிக்கும்போது எதிர்ப்பக்கத் தோலுக்கடியில் இரண்டாவது குண்டு கையில் தட்டுப்பட்டது. முன்பாதி காளான் மாதிரி விரிந்து, பின்பாதி அப்படியே இருந்தது. இரண்டு தோளையும் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. சாதாரண .30-06, சரியான குண்டு. ஒரு கொம்பு நுனி உடைந்திருந்தது, ஒரு பின்தொடை நைந்து பயன்படவில்லை. முப்பது நாளுக்குள் கட்டாயப் பரிசோதனைக்குக் கொம்பைக் கொண்டுபோனேன்; கொம்பின் வளையங்களை எண்ணி வயது குறித்துக்கொண்டார்கள்.

தனியாகப் போவது மட்டும் இனி இல்லை. எதிர்மலையில் ஒருவர் உட்கார்ந்து, ஆடு எங்கே படுத்திருக்கிறது, எங்கே நகர்கிறது என்று கை காட்டினாலே பாதி ஆபத்து குறையும். அடுத்த குலுக்கலுக்கு வேலையிடத்து நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து விண்ணப்பித்திருக்கிறோம். அவரிடம் பழைய .270 ஒன்று இருக்கிறது. புதுசாக மேக்னம் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம், குண்டை மட்டும் மாற்றுங்கள், மிச்சப் பணத்துக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கள் என்றேன். சனிக்கிழமை காலைகளில் இப்போது இரண்டு பேரும் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறோம்.